கட் பீஸ் கணக்கு

துணிக்கடையில் நடக்கும் தவறு கொஞ்சம் கொடியது. வெட்டிய துணியை மறுபடி தானோடு, அதாவது முழுச் சுருளோடு, சேர்க்க முடியாது. கூடுதலாக நிறுத்த பருப்பை மளிகைக்கடைக்காரர் மூட்டையில் திரும்பக் கொட்டிவிடுவார். தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. துணியில் அதற்கு வழியில்லை. கரையில் கத்தரி நுனியால் சின்னதாக ஒரு வெட்டு, வெட்டுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல்கள், பிறகு ஒரே இழுப்பு. பருத்தியாக இருந்தால் ஊடை நூலின் வழியே கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும். டெரிகாட்டன் முரண்டு பிடிக்கும். அதற்குக் கத்தரியைப் பாதி திறந்த வாயோடு நெடுக ஓட்ட வேண்டும். தேர்ந்த கை கிழிக்கும்போது சத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும். புதுக்கை நடுவில் ஒருமுறை தயங்கும், சத்தமும் தயங்கும். இன்றைக்கும் ஏதாவது கடையில் அந்தச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்திவிடுகிறேன். கூட வந்தவர்கள் என்ன என்று கேட்பார்கள். ஒரு வரியில் சொல்ல முடிகிற விஷயமாக அது இருப்பதில்லை. மனதுக்குள் பல வருடமாகத் தீராமல் கிடக்கும் கணக்கு ஒன்று அது. கணக்கு என்று சொல்வது வரவு, செலவு, பிடித்தம் என்று பேரேட்டில் எழுதுகிற நிஜமான கணக்கைத்தான். அதில் ஒரு பிழை இருந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை.

1980களின் நடுவில், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வழியில்லாமல் நின்ற ஒரு காலத்தில், மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் கடையில் நடந்தது அன்றைக்கு எந்தக் கடையிலும் நடந்திருக்கக்கூடியது. விளக்குத்தூணைத் தெரியாத மதுரைக்காரர் இருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்துவிட்ட கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுக்காக நட்ட விளக்குக் கம்பம் அது. அந்த இடிப்பு வேலையில் பங்கெடுத்த மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வீதிப் பெயர்களில் இன்னும் நிற்கின்றன. ஒரு மேஸ்திரியின் பெயரை ஊர் இத்தனை காலம் வாயில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும் விஷயம். தூணைச் சுற்றியும் பத்துத்தூண் சந்துக்குள்ளும் தெற்கு மாசி வீதி நெடுகவும் துணி, துணி, துணிதான். ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே நடப்பதற்குத் தரை கிடைக்காது. கஞ்சி வாடையும் புதுச்சாய வாடையும் மழை நனைத்த சணல் சாக்கின் வாடையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இரவில் குளித்த பிறகும் அது கையில் இருக்கும்.

என்னோடு அதே பருவத்தில் சேர்ந்தவன் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவன்; என்னை அண்ணே என்பான். எனக்கு நாற்காலி, பில் புத்தகம், கார்பன் தாள். அவனுக்கு மீட்டர் கோலும் கத்தரியும். முதலில் சில மாதம் தானை எடுத்துத் தருவதும் மடித்து அடுக்குவதுமாக இருந்தான். தீபாவளி நெருங்கி ஆள் போதாமல் போனபோது சட்டைத் துணிப் பகுதியில் வெட்ட விட்டார்கள். நல்ல கை. அளக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கமாட்டான். இழுத்து அளந்தால் வாங்கியவருக்குச் சில சென்டிமீட்டர் குறையும் என்பது வெட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கடைக்கு அதில் ஆதாயம் என்பதும் தெரியும். அவன் துணியைத் தளர விட்டு, கோலுக்கு வெளியே ஒரு விரற்கடை தாராளமாக விட்டு வெட்டுவான். அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

நடந்ததைப் புரிந்துகொள்ளப் பன்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணியின் அகலத்தைப் பன்னா என்போம். அந்த நாளில் சட்டைத் துணி இரண்டு பன்னாவில் வரும்: 36 இஞ்ச், 58 இஞ்ச். முழுக்கைச் சட்டைக்கு 36 பன்னாவில் இரண்டே கால் மீட்டர் வேண்டும். 58 பன்னாவில் ஒன்று அறுபது போதும். நீளத்தை மீட்டரில் அளப்போம், அகலத்தை இஞ்சில் சொல்வோம். மெட்ரிக் அளவை நாடு முழுக்கக் கட்டாயமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் பன்னா மட்டும் இஞ்சிலேயே நின்றுவிட்டது. வயதானவர்கள் வந்து கெஜத்தில் கேட்பார்கள். ஆக ஒரே துணி மூன்று அளவைகளில் பேசப்பட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த ஒரு பையன் அந்த மூன்றையும் மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வெட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. 58 பன்னாத் துணியை அகலவாக்கில் இரண்டாக மடித்துத்தான் சுருட்டி வைப்பார்கள். அடுக்கில் பார்த்தால் 29 இஞ்ச் இருக்கும். 36 பன்னா ஒற்றையாகவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். தனித்தனியே பார்க்கும்போது, குழல்விளக்கு வெளிச்சத்தில், எதிரே பத்துப் பேர் கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, கண் ஏமாறும். ஏமாறாதது விரல். பல வருடம் வெட்டியவர்கள் துணியைத் தொட்டதுமே ஒற்றையா இரட்டையா என்று விரலாலேயே அறிவார்கள். அந்த அறிவு வரப் பல தீபாவளி ஆகும். அவனுக்கு அது முதல் தீபாவளி.

ஒரு ஹோட்டல்காரர் தன்னிடம் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டைத் துணி கேட்டார். இளநீலம். மூத்த சேல்ஸ்மேன் ஒருவர் 58 பன்னா அடுக்கிலிருந்து ஒரு தானை உருவி மேசையில் போட்டு, “பன்னெண்டு பிட்டு, ஒண்ணு அறுபது” என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அந்தத் தான் 36 பன்னா. முந்தின நாள் நள்ளிரவில் பார்சல் ஆபீஸிலிருந்து வந்த மூட்டைகளைத் தூக்கக் கலக்கத்தில் பிரித்து இடம் இருந்த இடத்தில் அடுக்கியிருந்தார்கள். பன்னாச் சீட்டு மடிப்புக்குள் போய்ச் சிக்கியிருந்தது. பையன் வெட்டினான். பன்னிரண்டு முறையும் தயக்கமில்லாமல், சீராக வெட்டினான். தன் கை தேறிவிட்டது என்ற மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. 19 மீட்டர் 20 சென்டிமீட்டர். பில் நான் போட்டேன். அடுத்த நாள் காலை ஹோட்டல்காரர் பொட்டலத்தோடு வந்து நின்றார். தையல்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு இதில் முழுக்கை வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடை அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டது; வேறு தானில் சரியாக வெட்டிக் கொடுத்து அனுப்பியது. அந்தப் பன்னிரண்டு இளநீலத் துண்டுகளும் மேசை மேல் கிடந்தன. மேனேஜர் பேரேட்டை எடுத்து, 19.20 மீட்டர், விற்பனை விலையால் பெருக்கி, பையன் பெயருக்கு நேரே பிடித்தம் என்று எழுதினார். மாதாமாதம் கழிப்பது என்று முடிவாயிற்று. தை பிறந்து வெகுநாள் வரை அவன் சம்பளத்தில் அது கழிந்துகொண்டிருந்தது.

இதுவரை சொன்னது எல்லாக் கடையிலும் நடப்பது. பல வருடமாக என்னைத் தொந்தரவு செய்வது இதற்குப் பின்னால் வருவது. 36 பன்னாவில் ஒன்று அறுபது பெரியவர்களின் முழுக்கைக்குத்தான் போதாது. பள்ளிக்கூடப் பையனின் அரைக்கைச் சட்டைக்கு அது தாராளம். மார்கழியில் வாசலில் பலகை போட்டுக் கட் பீஸ் குவித்தபோது அந்த இளநீலத் துண்டுகளும் அங்கே போயின. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்க வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். விலையில் கொஞ்சம்தான் குறைத்திருந்தார்கள். அந்தப் பில்களும் என் கையெழுத்தில்தான் இருந்தன. ஆக அந்தத் துணிக்கு வாடிக்கையாளர் பணம் கொடுத்தார்கள். அதே துணிக்குப் பையனும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டும் வெவ்வேறு ஏட்டில் எழுதப்பட்டதால் ஒன்றையொன்று பார்க்கவில்லை. கட் பீஸ் விற்பனை தினசரி வரவில் கலந்துவிட்டது. பிடித்தம் சம்பளப் பேரேட்டில் தனியே ஓடியது. இன்னும் கூர்ந்து பார்த்தால் அவனிடம் பிடித்தது விற்பனை விலை. கடைக்கு அந்தத் துணி வந்த அசல் விலை அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று அவன் கேட்டிருக்கவும் முடியாது. சீட்டில் விற்பனை விலை எண்ணில் இருக்கும். அசல் விலை ரகசிய எழுத்தில் இருக்கும். பத்து எழுத்து வரும் ஒரு சொல்லை முதலாளிமார் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். சொல் தெரிந்தவருக்குத்தான் அசல் தெரியும். துணி வியாபாரத்தில் பழைய வழக்கம் அது; பேரம் பேசும் இடத்தில் தேவையும்கூட. ஆனால் நஷ்டத்தைக் கட்டச் சொல்லப்பட்டவனுக்கே நஷ்டம் எவ்வளவு என்று படிக்கத் தெரியாத எழுத்தில் அது எழுதப்பட்டிருந்தது.

என்னை மேலும் குழப்புவது அவன் நடந்துகொண்ட விதம். பிடித்தத்தைப் பற்றிக் கேட்டபோது, “என் கைதானேண்ணே வெட்டுச்சு” என்றான். அழவில்லை, வீம்பும் இல்லை. எடுத்துக் கொடுத்தவர் யார், அடுக்கியவர்கள் யார், சீட்டு எங்கே போனது என்ற எதையும் அவன் பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளத்தான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு நெடுங்காலம், அது பெருந்தன்மை இல்லை, சின்ன வயதிலேயே பழக்கப்பட்ட பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டும் முழு உண்மையில்லை என்று தோன்றுகிறது. அவன் தன் கையை நேசித்தான். தளர விட்டு அளக்கும் அந்தக் கை, ஒரு விரற்கடை கூடுதலாக விடும் அந்தக் கை, அவனுடையது. நன்றாக வெட்டியது என் கை என்று சொல்ல விரும்புகிறவன் தவறாக வெட்டியதும் என் கை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அவனைச் சூழ்நிலையின் பலி என்று மட்டும் சொன்னால் அவனிடமிருந்து அந்தக் கையையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். அவன் தவறு செய்தான். அதை அவனுக்கு விட்டுக் கொடுக்கிறேன். ஆனால் தவறு ஒருவனுடையது என்பதாலேயே நஷ்டமும் அவனுடையது ஆகிவிடுமா? அந்தத் தீபாவளியில் அவன் கை சரியாக வெட்டிய துணி எத்தனையோ தான் இருக்கும். அதில் வந்த லாபத்தில் அவன் பெயருக்கு நேரே ஒரு வரியும் எழுதப்படவில்லை. லாபம் வரும்போது கை கடையினுடையது, நஷ்டம் வரும்போது கை பையனுடையது என்று அந்தப் பேரேடு சொன்னது. இந்த இடத்தில்தான் என் மனம் பிறகு எப்போதும் சமாதானமாகவில்லை.

தையல்காரர்களிடம் இதற்கு வேறு வழக்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். தையல்கடையில் புதிதாகச் சேரும் பையன் முதலில் காஜா எடுப்பான், பட்டன் கட்டுவான், கையால் ஹெம்மிங் அடிப்பான். வெட்டப் பழகும்போது செய்தித்தாளில் வரைந்து வெட்டுவான். துணியில் கத்தரி வைக்க மாஸ்டர் விடுவதற்கு நாளாகும். அதற்கு மேலும், எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் பக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார்; தவறினால் பிரிக்கலாம், உடம்பு பெருத்தாலும் பிரிக்கலாம். தவறு நடக்கும் என்பது அந்தத் தொழிலின் உள்ளேயே தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கைத்தொழில்கள் எல்லாவற்றிலும் கற்பவனுக்கென்று கெட்டுப்போக ஒதுக்கிய பொருள் ஏதாவது இருக்கும். கடை வேலையில் மட்டும் அது இல்லை. முதல் வெட்டே வாடிக்கையாளர் முன்னால், விற்பனைக்கு வந்த சரக்கில், நெரிசலான வாரத்தில். கடை வேலைக்குப் பயிற்சி என்று ஒன்று தேவைப்படும் என்றே நாம் நினைப்பதில்லை. நின்று, எடுத்துக் காட்டி, மடித்து வைக்க என்ன படிப்பு என்று கேட்பவர்கள் ஒரு தானைத் தொட்டு ஒற்றையா இரட்டையா என்று சொல்லிப் பார்க்கட்டும்.

எச். ஜி. வெல்ஸ் நினைவுக்கு வருகிறார். கால இயந்திரத்தையும் செவ்வாய்க் கிரகவாசிகளையும் எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். அவர் துணிக்கடைப் பையனாக இருந்தவர். 1880-இல், பதின்மூன்று வயதில், வின்ஸர் நகரத்தில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்கார வைத்தார்கள். கல்லாவில் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. பையன் திருடவில்லை, மனம் சில்லறையில் இல்லை. வேலை நிலைக்கவில்லை. பிறகு சவுத்ஸீ என்ற கடற்கரை ஊரில் இன்னொரு துணிக்கடைக்கு அவரைப் பயிற்சியாளாகக் கட்டிக் கொடுத்தார்கள். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை, இரவில் மற்றப் பையன்களோடு பொதுப் படுக்கைக் கூடம். 1883-இல் அங்கிருந்து விடுபட்டுப் படிக்கப் போனார். அந்த அனுபவத்தைக் கொண்டு 1905-இல் ‘கிப்ஸ்’ நாவலை எழுதினார். வயதான பிறகு எழுதிய தன்வரலாற்றிலும் அதற்கே திரும்பினார். உலகப் புகழ் பெற்ற பிறகும் ஒரு மனிதருக்கு அந்தக் கல்லா மறக்கவில்லை. முதல் வேலையில் நேரும் விபத்து ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று யோசிக்கிறேன். வீட்டில் பால் குண்டானைக் கவிழ்த்தால் அம்மா ஒரு திட்டுத் திட்டிவிட்டுத் தரையைத் துடைப்பாள். அதற்கு விலை கிடையாது. முதல்முறையாக நம் கைத்தவறுக்கு ஒரு எண் கொடுக்கப்படுவது முதல் வேலையில்தான். அந்த எண் சரியானதா என்று பார்க்கிற வயது அது இல்லை. அதை அப்படியே நம் விலை என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறில் அவற்றுக்கும் பங்கு இருந்தது. பழைய ஜவுளிக் கடைகளில் தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சம்மணமிட்டு உட்காருவார். காட்டுபவரும் எதிரே உட்கார்ந்துதான் துணியை விரிப்பார். கண்ணாடி வைத்த மேசைகள் வந்தபோது வாடிக்கையாளருக்கு நாற்காலி கிடைத்தது. காட்டுபவர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்தவரை யாரும் பிறகு உட்காரச் சொல்லவில்லை. எங்கள் கடையில் காலை ஒன்பது மணிக்கு நின்றவர்கள் தீபாவளி வாரத்தில் இரவு பதினொன்றுக்கும் நின்றுகொண்டிருப்பார்கள். சாயங்காலத்துக்கு மேல் பையன்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதை என் நாற்காலியிலிருந்து பார்ப்பேன். 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியிருந்தது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து மணியைத் தாண்டக்கூடாது. அப்படி ஒரு சட்டம் இருப்பதே கடைக்குள் யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் கடைகளில் பெண் பணியாளர் மூவருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று 1899-இலேயே சட்டம் போட்டார்கள். நமக்கு அது வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டி உட்காரும் உரிமைக்காகப் போராடினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளப் பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. பதினான்கு மணி நேரம் நின்ற காலின் களைப்பு மெல்ல மேலேறி விரலுக்குத்தான் வந்து சேர்கிறது. பன்னாவைத் தொட்டு அறிய வேண்டியது அந்த விரல்தான்.

சம்பளத்தில் கை வைப்பதைப் பற்றியும் சட்டம் பேசாமல் இல்லை. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தைப் பின்னால் ஒரு சமயம் படிக்க வாய்த்தது. நஷ்டத்துக்காகப் பிடிக்கும் தொகை, அந்தப் பணியாளரின் கவனக்குறைவால் முதலாளிக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத் தாண்டக்கூடாது என்றது. அவர் தன் பக்கத்துக் காரணத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் பிடிக்கக்கூடாது என்றது. அபராதம் என்றால் அது சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. அப்படி வசூலித்த பணத்தையும் பணியாளர்களின் நன்மைக்கே செலவிட வேண்டும் என்றது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது அன்றைக்கு அதை எழுதியவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. ஆளின் தவறிலிருந்து கடை ஒரு காசுகூடச் சம்பாதிக்கக்கூடாது என்பதை அவர்கள் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். கட் பீஸ் விற்பனையும் பிடித்தமும் சேர்ந்தபோது எங்கள் கடை அந்தத் தவறால் நஷ்டப்படவில்லை. சம்பாதித்திருந்தது. எந்த நோக்கமும் இல்லாமல், யாரும் திட்டமிடாமல், இரண்டு ஏடுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் அந்தச் சம்பாத்தியம் தானாக நடந்தது. தீய எண்ணம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு மனவருத்தம் இருந்திருக்காது என்றுகூடத் தோன்றுகிறது. நல்ல மனிதர்கள் நடத்திய கடை அது.

முதலாளியும் நல்லவர்தான். அவரும் பத்து வயதில் இன்னொருவர் கடையில் மூட்டை பிரித்து, அடி வாங்கி, பிடித்தம் கட்டி மேலே வந்தவர். கடனுக்குச் சரக்கு எடுத்து, தீபாவளி ஒன்றை நம்பி வருடம் முழுவதையும் ஓட்டுகிற தொழில்; மழை நான்கு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் தூக்கம் போய்விடும். பணம் கட்டினால்தான் பையனுக்குப் பொறுப்பு வரும், இப்படித்தான் நானும் கற்றுக்கொண்டேன் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வலித்தால் மறக்காது என்பதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பையன் என்ன கற்றுக்கொண்டான் என்பதையும் நான் கண்ணால் பார்த்தேன். பன்னாவைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டான். அது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கூடவே, தளர விட்டு அளப்பதை நிறுத்தினான். துணியை இழுத்துப் பிடித்துக் கோலின் முனையோடு முனையாக வெட்ட ஆரம்பித்தான். ஒரு விரற்கடைத் தாராளம் போய்விட்டது. யாராவது ஏதாவது தவறு செய்தால் மற்றவர்கள் அதை அடுக்கின் பின்பக்கம் திணித்து மறைக்க ஆரம்பித்தார்கள். வருடக் கணக்கெடுப்பில்தான் அந்தத் துண்டுகள் வெளியே வரும், அப்போது யார் வெட்டியது என்று தெரியாது. சீட்டு மடிப்புக்குள் சிக்காமல் வெளியே தெரியும்படி குத்தி வைக்க வேண்டும் என்பதோ, இரண்டு பன்னாவுக்கும் அடுக்கை எதிரெதிர்ச் சுவரில் வைக்க வேண்டும் என்பதோ யாருக்கும் தோன்றவில்லை. நஷ்டம்தான் வசூலாகிவிட்டதே, பிறகு எதற்கு யோசிக்க வேண்டும்? அடுத்த ஆடித் தள்ளுபடியில் அதே தவறு வேறு ஒரு பையன் கையால் நடந்தது. அவன் பெயருக்கு நேரேயும் ஒரு வரி எழுதப்பட்டது.

இன்றைய பெரிய கடைகளில் கோலும் கத்தரியும் ஒரு மூலைக்குப் போய்விட்டன. தைத்த துணி, பட்டைக் குறியீடு, கணினி ரசீது. ஆனால் இரவு கடை சாத்தும்போது இருப்பு குறைந்தால், ஒரு பொருள் காணாமல் போனால், கண்ணாடி அலமாரி உடைந்தால், அந்தத் தளத்தில் நின்றவர்களின் சம்பளத்தில் பங்கு போட்டுக் கழிப்பதாகக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போதும் சொல்லக் கேட்கிறேன். ஊரை விட்டு வந்து, பத்துப் பேரோடு ஒரு அறையில் படுத்து, மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்களில் பலர் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: என் கைதானே. அவர்கள் அப்படிச் சொல்வதை நான் மதிக்கிறேன். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பேரேட்டில் எழுதுவதை மதிக்க முடியவில்லை.

கடை நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, என்ன நடந்தது என்று முழுவதும் கேளுங்கள். தானை எடுத்துக் கொடுத்தது யார், அடுக்கி வைத்தது யார் என்பதையும் விசாரியுங்கள். அசல் விலை என்ன என்பதை அவனுக்கு எண்ணில் எழுதிக் காட்டுங்கள். அந்தத் துண்டுகள் விற்றுப் பணம் வந்ததும் அதை அவன் பெயரில் வரவு வைத்து, அதுவரை பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு மேல் ஏதாவது நஷ்டம் நின்றால் அதைக் கடைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.